வெள்ளரிக் குதிரை, வழுதலங்காய் மாடு

ஆடி அமாவாசைக்குக் குழித்துறை ஆற்றங்கரையில் முன்னோருக்கு வாவுபலி இடுகிற நமக்கு, இறந்த முன்னோரை வீட்டுக்கு அழைத்து வழியனுப்பும் ஜப்பானின் ஓபோன் பண்டிகை அந்நியமாகத் தெரியாது. பெரும்பாலான ஊர்களில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை. டோக்கியோவில் பலருக்கு ஜூலையிலேயே வந்துவிடும்.

13 மாலை, இறந்தவர்களுக்கு வழி தெரிய வாசலில் ஒரு மண்தட்டில் தீ மூட்டுவார்கள். எரிப்பது கஞ்சாச்செடித் தண்டு. பதற வேண்டாம், நார் உரித்தபின் மிஞ்சும் வெறுங்குச்சிதான்.

அப்புறம் வாகனம். வெள்ளரிக்காயில் 4 குச்சி குத்தினால் குதிரை. காரணவர்கள், அதாவது முன்னோர், சீக்கிரம் வந்து சேர. வழுதலங்காயில், அதாவது கத்தரிக்காயில், குத்தினால் மாடு. படையலையும் சுமந்துகொண்டு மெதுவாகத் திரும்ப. கொஞ்சம் வளைந்த காயாகப் பாருங்கள், கழுத்து தானாக அமையும். கால்களை நேர்செங்குத்தாகக் குத்தினால் சாய்ந்துவிடும். சற்று வெளிப்பக்கம் விரித்து, ஆழமாகக் குத்த வேண்டும். நம் ஈர்க்கில் இதற்கு ஆகாது, வளையும். முற்றி வதங்கிய காயும் ஆகாது. மூன்று நாள் நிற்க வேண்டுமே.

நாதியற்ற ஆவிகளுக்கும் பங்குண்டு. வழுதலங்காயையும் வெள்ளரியையும் பொடியாக நறுக்கி, கழுவிய பச்சரிசியோடு கலந்து, தாமரை இலையில் நீர் தெளித்து வைப்பார்கள். இதுதான் எனக்கு இந்தச் சடங்கிலேயே ஆக அழகான பகுதி.

யூரே எனும் பேய் வேறு கதை. மனக்குறையோடு செத்தவர், நம் இசக்கி மாதிரி. படங்களில் அவர் கிமோனோ அங்கியின் வலப்பக்க மடிப்பு இடப்பக்கத்துக்கு மேலே இருக்கும், பிணத்துக்கு உடுத்தும் முறை. உயிருள்ளவர்களுக்கு இடப்பக்கம்தான் மேலே.

16 இரவு மறுபடி தீ, வழியனுப்ப. கியோட்டோவில் அன்று ஐந்து மலைகளில் எரியும்.