கேட்காதே, திறந்து பார்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. சிறு விவசாயிகள் கொண்டுவரும் பசுந்தேயிலையை எடைபோட்டதும், எடைமேடைக் கணினியில் ஓடும் சி நிரல் அந்த எடையை அலுவலக சர்வரில் உள்ள கோப்பில் எழுதும். நடுவில் என்எஃப்எஸ், அதாவது வேறு கணினியில் உள்ள கோப்பை வலையமைப்பு வழியே சொந்தக் கோப்புபோல் பயன்படுத்தும் முறை. புது சர்வர் வைத்த மறுநாள் கணக்கர் அழைத்தார். "தம்பி, எழுத அனுமதி உண்டு என்று ஒரு வரி வருகிறது. அனுமதி மறுக்கப்பட்டது என்று அடுத்த வரி. எதைத்தான் நம்புவது?"

"இரண்டாவதை நம்புங்கள் அண்ணா."

நிரல் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள 0 எண் பயனராக ஓடுகிறது. கோப்பைத் திறக்கும் முன், கோப்பின் விவரம் தரும் ஸ்டாட்டை அழைத்து, உரிமையாளரையும் அனுமதி பிட்டுகளையும் பார்த்துத் தானே கணக்குப் போடுகிறது. பயனர் எண் 0 என்றால் எல்லாம் செய்யலாம் என்பது அதன் முடிவு. சொந்த வட்டில் அது சரி. என்எஃப்எஸ்ஸில் தீர்ப்பு சொல்வது சர்வர். லினக்ஸ் சர்வரில், வெளியிலிருந்து வரும் ரூட்டின் அதிகாரத்தைப் பறிக்கும் ரூட் ஸ்குவாஷ் இயல்பாகவே அமலில் இருக்கும். ரூட்டாக வருகிறவர் அங்கே 65534 என்ற எண்ணுள்ள 'நோபடி' ஆகிவிடுவார். நம் ஊர்த்தலைவர் அடுத்த ஊர்ப் பஞ்சாயத்தில் வெறும் ஆள்தானே! கோப்பின் அனுமதியோ 0640: உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம்; அவர் குழு படிக்க மட்டும்; மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. நோபடிக்கு அதில் எந்த உரிமையும் இல்லை.

ஸ்டாட்டுக்குப் பதில், 'எனக்கு அனுமதி உண்டா' என்று கேட்கும் ஆக்செஸ் போட்டால் தீருமா? ஓரளவு தீரும். 1995-இல் வெளியான என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பிலிருந்து, சர்வரிடமே அனுமதி கேட்க வழி உண்டு. இரண்டாம் பதிப்பில் அதுவும் கிடையாது. ஆனால் ஆக்செஸ் பார்ப்பது நிரலை இயக்கியவரின் அசல் பயனர் எண்ணை. கோப்பைத் திறக்கும் ஓபன் பார்ப்பது அந்த நேரத்தில் நடைமுறையில் உள்ள எண்ணை. இயக்கியவரின் அதிகாரத்தில் அல்லாமல் நிரல் கோப்பின் உரிமையாளர் அதிகாரத்தில் ஓடும் செட்யூஐடி நிரல்களில் இரண்டும் வேறு வேறு. தவிர, கேட்டதற்கும் திறப்பதற்கும் நடுவில் யாராவது சிமோட் போட்டு அனுமதியை மாற்றிவிட்டால், வாங்கிய பதில் குப்பைக்குத்தான்.

அந்தச் சோதனை முழுவதையும் அழித்தேன். நேரே ஓபன், தோல்வி என்று -1 வந்தால், காரணம் சொல்லும் பிழை எண்ணான எர்னோவைப் பார்க்க வேண்டியதுதான். இஆக்செஸ் என்றால் அனுமதி இல்லை. இஆர்ஓஎஃப்எஸ் என்றால் படிக்க மட்டும் இணைத்திருக்கிறார்கள். ரூட் ஸ்குவாஷையே எடுத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றுகிற வேலை எனக்கு வேண்டாம். எடைமேடைக்கென்று தனிப் பயனர் ஒருவரை, இரண்டு கணினியிலும் ஒரே எண்ணோடு உருவாக்கி, கோப்பை அவர் பெயருக்கு மாற்றினேன்.

திறந்துவிட்டது என்பதற்காக எழுதியும் விட்டதாக நினைக்கக்கூடாது. சர்வர் வட்டில் இடம் தீர்ந்த செய்தி பல நேரம், எழுதியதை வட்டுக்குத் தள்ளும் எஃப்சிங்க் அல்லது கோப்பை மூடும் குளோஸ் அழைக்கும்போதுதான் வந்து சேரும். குளோஸ் தரும் பதிலை யார் பார்க்கிறார்கள்?

மழைக்காலத்தில் இங்கே மின்சாரம் போவது சகஜம். விடாமல் முயன்றுகொண்டே இருக்கும் ஹார்ட் மவுண்ட் என்ற இணைப்பு முறையில், சர்வர் திரும்ப வரும்வரை ஓபன் பிழைகூடச் சொல்லாமல் காத்துக்கிடக்கும். வெளியே இலை மூட்டைகளோடு ஜீப்புகள் வரிசையில் நிற்கும். அதனால் எடை இப்போது முதலில் உள்ளூர் வட்டில் பதிவாகிறது. சர்வருக்கு அனுப்புவது வேறொரு நிரலின் வேலை.