குழந்தை விலகினால் ஒலிக்கும் பட்டை: இரண்டாம் வடிவம்

கூட்டத்தில் குழந்தை கையை விட்டு நழுவும் முதல் சில நொடிகளிலேயே பெரியவரின் மணிக்கட்டு அதிர வேண்டும். இந்தப் பட்டைக்கு வைத்த இலக்கு அவ்வளவுதான். ஜிபிஎஸ் அதற்குச் சரிவராது. கூரைக்கு அடியில் சிக்னல் ஒழுங்காக எடுக்காது, எடுத்தாலும் பல மீட்டர் பிசகும். அதனால் குறைந்த மின்சாரத்தில் ஓடும் குறுந்தூர வானலை இணைப்பான புளூடூத் லோ எனர்ஜி: குழந்தையிடம் ஒரு பட்டை, பெரியவரிடம் இன்னொன்று.

குழந்தையின் பட்டையில் என்ஆர்எஃப்52832 மாட்யூல் (புளூடூத் சிப் உள்ள சிறு போர்டு), சிஆர்2032 காசு பேட்டரி, 100 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர், ஒலி எழுப்பும் பீசோ பஸ்ஸர். பெரியவர் பட்டையில் அதே மாட்யூல், 400 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் செல், 10 மி.மீ. அதிர்வு மோட்டார். மோட்டாரை மாட்யூலின் இணைப்பு முனையில் (பின்) நேராக மாட்டக் கூடாது, அந்த மின்னோட்டத்தை அது தாங்காது. நடுவில் சுவிட்சாக ஒரு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர், மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டையோடு. டிபி4056 சார்ஜர் போர்டு பெரும்பாலும் 1.2 கிலோஓம் ரெசிஸ்டரோடு, அதாவது 1 ஆம்பியர் சார்ஜ் மின்னோட்டத்துக்கு அமைத்தே வரும். இவ்வளவு சின்ன செல்லுக்கு அது ஆபத்து. அதைக் கழற்றி 5 கிலோஓம் வைத்தால் 250 மில்லி ஆம்பியருக்கு இறங்கும்.

முதல் வடிவத்தில் குழந்தையின் பட்டை நொடிக்கு நான்கு முறை தன் இருப்பை அறிவிக்கும். பெரியவர் பட்டை அந்த சிக்னல் வலிமையிலிருந்து தூரத்தைக் கணக்கிடும். மேசைமேல் அழகாக வேலை செய்தது. உடம்பில் கட்டியதும் கணக்கு குலைந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பிலுள்ள நீர் உறிஞ்சிவிடும். திறந்த வெளியில் 20 டெசிபெல் இழப்பு என்றால் தூரம் பத்து மடங்கு என்று பொருள். குழந்தை பெரியவரின் முதுகுக்குப் பின்னால் மூன்று மீட்டரில், பட்டை கட்டிய கையை வயிற்றோடு அணைத்தபடி நிற்கிறது என்று வையுங்கள். இடையில் உடம்பு 20 டெசிபெல்லைத் தின்றுவிட்டால் கருவி 30 மீட்டர் என்று அலறும். நாலு தடவை வீணாக அலறினால் யாராக இருந்தாலும் அணைத்துப் பையில் போட்டுவிடுவார்கள். அணைத்து வைத்த பட்டையால் எந்தக் குழந்தைக்கும் பயனில்லை.

இன்னொரு குறையும் இருந்தது. அறிவிப்பு மட்டும் செய்யும் பட்டைக்குத் தான் தொலைந்தது தெரியாது. எல்லையைத் தாண்டிய பிறகு அதற்கு 'ஒலி எழுப்பு' என்று கட்டளை அனுப்பவும் வழியில்லை.

அதனால் இரண்டாம் வடிவத்தில் இரண்டு பட்டைகளும் இணைப்பிலேயே இருக்கின்றன. இணைப்பு இடைவெளி 500 மில்லி நொடி, கண்காணிப்புக் கெடு 4 நொடி. நாலு நொடி பேச்சில்லை என்றால் இரு பக்கமும் தாமாகவே அறியும்: பெரியவர் கையில் அதிர்வு, குழந்தை கையில் ஒலி. இணைப்பில் அலைவரிசை 37 சேனல்களில் தாவிக்கொண்டே இருப்பதால் ஒரே சேனலில் வரும் இடையூறும் அமுங்குகிறது. தூரக் கணக்கையே தூக்கிவிட்டோம். சிக்னல் வலிமையின் கடைசி ஐந்து அளவுகளின் இடைநிலை மதிப்பு -85 டிபிஎம்முக்குக் (சிக்னல் வலிமையின் அலகு) கீழே மூன்று நொடி நின்றால் மெல்லிய ஒரு அதிர்வு. -78க்கு மேல் ஏறினால்தான் அது அடங்கும். இரண்டு எல்லைக்கும் நடுவே அந்த 7 டெசிபெல் இல்லாவிட்டால் மோட்டார் விட்டுவிட்டு அதிர்ந்துகொண்டே இருக்கும்.

பஸ்ஸரை இரண்டு பின்களுக்கு நடுவே எதிரெதிராக ஓட்டினால் இருமடங்கு மின்னழுத்த வீச்சு கிடைக்கும். அதிர்வெண் அந்தப் பஸ்ஸரின் ஒத்ததிர்வு எண்ணாக இருக்கட்டும். விலகினால் ஒலி வெகுவாகக் குறையும். பழைய பேட்டரியில் பஸ்ஸர் இழுக்கும்போது மின்னழுத்தம் 1.7 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் சிப் ரீசெட் ஆகும், ஒலி வராமலே போகும். கெப்பாசிட்டர் அதற்காகத்தான். பேட்டரியையும் பஸ்ஸர் ஒலிக்கும்போதே அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது சிஆர்2032 கிட்டத்தட்ட கடைசிவரை 3 வோல்ட் என்றே காட்டும்.

ஆன்டெனா முனை போர்டின் ஓரத்தில், அடியில் செம்பு இல்லாமல், பேட்டரித் தகட்டிலிருந்து விலகி இருக்கட்டும். மணிக்கட்டைவிட மேற்கையின் வெளிப்புறம் நல்லது, தோலுக்கும் போர்டுக்கும் நடுவே 4 மி.மீ. ஃபோம் வைத்து. கழுத்தில் மாட்டவே கூடாது, எங்காவது சிக்கினால் இறுக்கிவிடும். குழந்தையின் பெயரை வெளியே எழுத வேண்டாம், அந்நியர் பெயர் சொல்லிக் கூப்பிட அது வழி செய்யும். பெரியவரின் தொலைபேசி எண்ணை உட்புறம் எழுதினால் போதும்.

பேட்டரி மூடியில் மட்டும் எந்த விட்டுக்கொடுப்பும் கிடையாது. விழுங்கிய 20 மி.மீ. காசு பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக அரித்துவிடும். எனவே இரண்டு எம்2 திருகுகள், பிளாஸ்டிக்கில் பதித்த, உட்புறம் மரையுள்ள பித்தளை இன்செர்ட்டுகளோடு. முதலில் செய்த பிளாஸ்டிக் கொக்கி மூடி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்ததும் தெறித்தது. அதைத் தூக்கி எறிந்தாயிற்று.

மீதி இருப்பது மறு இணைப்பு. எல்லையோரத்தில் இணைப்பு ஒரு நொடி ஒட்டிப் பிரியும்போது ஒலி நின்று மீண்டும் தொடங்குகிறது. இணைப்பு மூன்று நொடி நிலைத்த பிறகே ஒலியை நிறுத்தும்படி நிரலை மாற்றிக்கொண்டிருக்கிறோம்.