அப்ரூவ் ஆகியும் வராத பணம்

அப்பா ஆரணியில் பட்டுத்தறி நெய்கிறார். பி.எஸ்சி. முதலாமாண்டில் அடுத்த தவணைக் கட்டணத்துக்கு அம்மா கம்மலை அடகு வைத்தபோதுதான் நான் உதவித்தொகை தேடவே ஆரம்பித்தேன். மெட்ரிக் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் எனக்குக் கிடையாது.

எனக்குப் பொருந்தியது, என்.எஸ்.பி. என்ற தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்கும் மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகை. பிளஸ் டூவில் நம் போர்டில் தேறியவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சம் வரை. இளநிலைக்கு வருடம் 12,000 ரூபாய். இதை வாங்கினால் வேறு உதவித்தொகை வாங்கக் கூடாது.

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவையில் மனு போட்டோம். தறிக்காரருக்கு ஏது சம்பளச் சீட்டு? முதலாளி கூலி எழுதித் தரும் நோட்டை, ஓரமெல்லாம் சாயக்கறை படிந்ததை, அப்பா வி.ஏ.ஓ.விடம் எடுத்துப்போய்க் காட்டினார். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துத்தான் மேலே அனுப்பினார்.

விண்ணப்பத்தைச் சமர்ப்பித்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். கல்லூரியில் சரிபார்த்து அனுப்பும்வரை அது அங்கேயே கிடக்கும். கடைசித் தேதிக்கு முந்தின வாரம் தினமும் ஆபீஸ் வாசலில் நின்றுதான் என்னுடையதை அனுப்பவைத்தேன்.

சரி, அப்ரூவ் ஆகிவிட்டது. ஆனால் பணம் வரவில்லை. வங்கியில் கேட்டால், "ஆதார் லிங்க் ஆகித்தானேம்மா இருக்கு" என்றார்கள். நான்கு மாதம் அலைந்த பிறகு, பிரவுசிங் சென்டர் அக்கா ஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங்' பக்கத்தைத் திறந்து காட்டினார். அதில் வேறொரு வங்கியின் பெயர் இருந்தது! எட்டாம் வகுப்பில் தொடங்கி மறந்தே போன கணக்கு. கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது வேறு, அரசுப் பணம் வருவதற்காக சீடிங் செய்வது வேறு. கடைசியாக எந்தக் கணக்கில் சீடிங் ஆகியிருக்கிறதோ அங்கேதான் பணம் போகும். இப்போதைய வங்கியில் அதற்கென்று தனிப் படிவம் வாங்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சில நாளில் அந்தப் பக்கத்தில் வங்கியின் பெயர் மாறியது. அப்புறம் ஒருநாள் லேபில் இருக்கும்போது 12,000 ரூபாய் வந்ததாக மெசேஜ். வெளியே ஓடிவந்து முதலில் அம்மாவைத்தான் கூப்பிட்டேன்.

இந்த வருடம் புதுப்பிக்க மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப்பதிவும் வேண்டும். இந்த முறை விண்ணப்பத்தைத் தொடும் முன்பே சீடிங் பக்கத்தைப் பார்த்துவிட்டேன்.