குதிரைகள் நடந்த கரையில் ஆறு நாள் சைக்கிள்

யோகன்ஸ்டைன் அணையைத் தாண்டி, கார் ஓடும் சாலை பின்னால் போன பிறகுதான் என் சைக்கிள் இவ்வளவு சத்தம் போடுகிறது என்று தெரிந்தது. ஒரு பக்கம் டான்யூப் ஆறு, மறுபக்கம் மரம் மூடிய மலைச்சரிவு. நடுவில் ஒரு சைக்கிளும் நானும். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு 'கிறீச்'. முன்சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'சர்'. கல்லில் ஏறி இறங்கினால் கேரியரில் மாட்டிய பை 'டக்'. ஆறு வாரமாகப் பையை ஏற்றிப் பழகிய சைக்கிள்தான் இது. வாகன இரைச்சலுக்கு நடுவே பழகியதால் மூன்றில் ஒன்றுகூட என் காதில் விழுந்ததில்லை.

ஜெர்மனியின் பாஸாவிலிருந்து கிழக்கே, ஆஸ்திரியாவின் டான்யூப் பள்ளத்தாக்கு வழியாக வியன்னா பக்கம் போகும் சைக்கிள் பாதை இது. ஐரோப்பாவின் நெடுந்தூரச் சைக்கிள் வழிகளில் யூரோவெலோ 6 இதன் மேல்தான் போகிறது. செப்டம்பர் மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும் என்பதால் ஆறு ஓடும் திசையிலேயே போனால் முதுகைத் தள்ளிக் கொடுக்கும். நான்கு நாளில் முடிப்பது என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்தக் கணக்கு முதல் நாளோடு சரி.

முதல் நாள், பாஸாவ் முதல் அஷாக் வரை, சுமார் 66 கி.மீ.

டான்யூப், இன், இல்ஸ் என்ற மூன்று ஆறுகளும் சேரும் ஊர் பாஸாவ். நகர்மன்றச் சுவரில் பழைய வெள்ளங்களின் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். 2013 ஜூனில் 12.89 மீட்டர். அதற்கும் மேலே 1501-ஆம் ஆண்டின் கோடு. அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஷ்லோகனுக்கு அருகே ஆறு கெட்டியான கருங்கல் மலையில் முட்டி, வந்த திசைக்கே திரும்புகிறது. இடதுகரைப் பாதை அவு என்ற இடத்தோடு நின்றுவிட, சைக்கிள்களுக்கென்றே ஓடும் சின்னப் படகில் அக்கரை சேர்ந்தேன். நின்று பார்க்க வேண்டிய அந்த வளைவை, அஷாக் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில் விட்டுவிட்டேன். இந்தப் பயணத்தில் எனக்குள்ள ஒரே வருத்தம் அதுதான். மாலைக்குள் இடதுகையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. ஹேண்டில்பாரை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினேன், சீட்டின் மூக்கை மிக லேசாகத் தூக்கினேன். சீட் முன்பக்கம் சரிந்திருந்தால் உடம்பு வழுக்கி, பாரமெல்லாம் கைக்கு வந்துவிடும். அப்புறம் நான்கு நாளை ஆறு நாளாக்கினேன்.

பையின் 'டக்' சத்தத்தையும் அன்றிரவே தீர்த்தேன். கேரியர் கம்பியைவிடப் பையின் கொக்கி அகலமாக இருந்தது. பழைய டியூபிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கம்பியில் சுற்றியதும் கொக்கி இறுக்கமாக உட்கார்ந்தது.

இரண்டாம் நாள், மவுத்தவுசன் வரை, சுமார் 52 கி.மீ.

ஓட்டன்ஸ்ஹைமிலிருந்து லின்ஸ் வரை பாதை பெரிய சாலையை ஒட்டியே போகிறது. தனிப் பாதைதான், ஆபத்தில்லை. ஆனால் லாரிச் சத்தம் விடாமல் கூடவே வந்தது. அந்தக் கொஞ்ச தூரத்தில் சைக்கிளின் 'கிறீச்' காணாமல் போய், லின்ஸைத் தாண்டியதும் திரும்பி வந்தது.

மவுத்தவுசனில் சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு மேட்டுக்கு நடந்தேன். 1938 ஆகஸ்டில் தொடங்கி 1945 மே 5 அன்று அமெரிக்கப் படை வந்து சேரும் வரை நாஜி வதைமுகாம் இருந்த இடம். கல்குவாரியிலிருந்து மேலே வரும் 186 படிகள் இன்னும் இருக்கின்றன. கைதிகள் கருங்கல்லைச் சுமந்து ஏறிய படிகள். அழகான பள்ளத்தாக்கு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் இங்கே ஏறாமல் போகக் கூடாது என்பது என் எண்ணம். அன்று மாலை சைக்கிளைத் தொடவில்லை.

மூன்றாம் நாள், கிரைன் வரை, சுமார் 40 கி.மீ.

சமவெளி, வயல், அணைக்கரை. 'கிறீச்' எங்கிருந்து வருகிறது என்று தேட நல்ல நாள். பெடல் போடுவதை நிறுத்தி உருளவிட்டால் சத்தம் நிற்கிறது, அப்படியென்றால் சக்கரத்தில் இல்லை. எழுந்து நின்று மிதித்தாலும் நிற்கிறது, அப்படியென்றால் பெடலிலும் அதைத் தாங்கும் கிராங்கிலும் இல்லை. மிச்சம் சீட்டும் அதைத் தாங்கும் குழாயும்தான். கிரைனில் உயரத்தை டேப்பால் அடையாளம் வைத்து, குழாயை உருவித் துடைத்தேன். உள்ளே மணலும் காய்ந்த கிரீஸும். புது கிரீஸ் பூசி மாட்டினேன், சத்தம் நின்றது. எட்டு மாதம் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

நான்காம் நாள், மெல்க் வரை, சுமார் 45 கி.மீ.

கிரைனுக்குக் கீழே ஆறு மலைகளுக்குள் நெருங்கி ஓடுகிறது. பாறைகளும் நீர்ச்சுழல்களுமாக, படகோட்டிகள் வேண்டிக்கொண்டு கடந்த இடம் இது. 1959-இல் இப்ஸ்-பெர்சன்பாய்க் நீர்மின் நிலையம் வந்து தண்ணீரைத் தேக்கிய பிறகு ஏரிபோல் கிடக்கிறது. இங்கே ஒரு யோசனை சொல்வேன்: கிரைனில் தென்கரைக்கு மாறிவிடுங்கள். பெரிய சாலை வடகரையில் போகிறது, தென்கரையில் ஊராரின் வண்டி எப்போதாவது ஒன்று வரும். மாலைக்குள் மூன்று கார்களைத்தான் எண்ணினேன். பள்ளத்தாக்கு முழுவதற்குமே ஏறக்குறைய இதுதான் சூத்திரம். சாலை எந்தக் கரையில் என்று வரைபடத்தில் பார்த்து, எதிர்க்கரையைப் பிடிக்க வேண்டும்.

முன்சக்கரத்தின் 'சர்' பிரேக் உரசும் சத்தம், அதையும் அன்றே சரிசெய்தேன். பிரேக் கட்டைகளைப் பிடித்திருக்கும் காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே மறுபடி இறுக்கினால் அது தானாக நடுவுக்கு வந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

ஐந்தாம் நாள், வாஹாவ் பள்ளத்தாக்கு. மெல்கிலிருந்து கிரெம்ஸ், சுற்றியதோடு சேர்த்து சுமார் 45 கி.மீ.

நாள் முழுக்க எடுத்துக்கொண்டேன். மெல்க்கின் பெனடிக்ட் மடத்தில் துறவிகள் 1089 முதல் இருக்கிறார்கள். இன்று பாறை மேல் நிற்கும் மஞ்சள் கட்டடம் 18-ஆம் நூற்றாண்டினுடையது. அதைத் தாண்டியதும் அணைக்கட்டு இல்லாத ஆறு தொடங்குகிறது. அதுவரை சத்தமே இல்லாமல் கிடந்த தண்ணீர் இங்கே பேசுகிறது. சைக்கிளில் எந்தச் சத்தமும் மிச்சமில்லாததால் அது நன்றாகக் கேட்டது.

தென்கரையில் போகும்போது, தலைக்கு நேர் மேலே 300 மீட்டர் உயரத்தில் அக்ஸ்டைன் கோட்டையின் இடிபாடு. இதன் கதையைப் படித்துவிட்டு வந்திருந்தேன். பழைய காலத்தில் ஆற்றோடு போகும் படகை நீரோட்டமே கொண்டுபோகும். எதிர்த்து வரும் படகைக் கரையிலிருந்து குதிரைகள் கயிறு கட்டி இழுக்க வேண்டும். பெரிய படகுவரிசை என்றால் பல பத்துக் குதிரைகள். அவை நடப்பதற்காகத் தண்ணீரை ஒட்டி ஒரு பாதை வேண்டும். 1429-இல் யோர்க் ஷெக் என்ற பிரபு இந்தக் கோட்டையைத் திரும்பக் கட்டினார். இழுவைப் பாதையைப் பராமரிக்க வேண்டும் என்ற பொறுப்போடு, எதிர்த்து வரும் படகுகளிடம் சுங்கம் வாங்கும் உரிமை 1438-இல் அவருக்குக் கிடைத்தது. பிற்பாடு அவரே படகுகளைக் கொள்ளையடிக்கத் தொடங்கினார் என்பது ஊரறிந்த கதை.

1830-களில் நீராவிக் கப்பல் வந்தது. குதிரைகளின் வேலை மெல்ல முடிந்தது, பாதை மட்டும் நின்றது. பாஸாவ் முதல் வியன்னா வரை இந்தச் சைக்கிள் வழியின் பல பகுதிகள் அந்தப் பாதைதான். அதனால்தான் பெரிய ஏற்றமே இல்லை. ஆற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரிவுகூட இல்லை, கரையிலேயே நடந்த குதிரைக்கும் அதே சரிவுதான். மலைகளுக்கு நடுவே 290 கிலோமீட்டர் ஓட்டியும் என் முழங்கால் ஒருநாளும் வலிக்காததற்குக் காரணம் அதுதான்.

ஆர்ன்ஸ்டோர்ஃபில் அக்கரைக்குப் படகு ஏறினேன். ஆற்றுக்குக் குறுக்கே உயரத்தில் ஒரு கம்பி வடம், அதில் ஓடும் உருளையிலிருந்து படகுக்குக் கயிறு. படகோட்டி சுக்கானைத் திருப்புகிறார், நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளுகிறது, படகு நகர்கிறது. இன்ஜினே கிடையாது. உருளையின் லேசான முனகலும் பலகையில் தண்ணீர் மோதுவதும் மட்டும்தான் கேட்டன. காரும் ஏற்றுகிற படகு அது. அன்று ஏறியவர்கள் எல்லோரும் சைக்கிள்காரர்கள், கரை சேரும் வரை யாரும் பேசவில்லை.

அக்கரையில் ஸ்பிட்ஸ். அங்கிருந்து நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் கொஞ்சம் ஓட்டினால் வில்லன்டோர்ஃப். 1908-இல் ரயில்பாதை போடத் தோண்டியபோது, 11 சென்டிமீட்டர் உயரமுள்ள சுண்ணாம்புக்கல் பெண் உருவம் கிடைத்த இடம். வயது 25,000 ஆண்டுகளுக்கும் மேல். அசல் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குதிரைகளுக்கும் முன்பு, படகுகளுக்கும் முன்பு, இதே கரையில் யாரோ உட்கார்ந்து அதைச் செதுக்கியிருக்கிறார்கள், அல்லது கையில் வைத்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் வெகுநேரம் நின்றேன்.

அப்புறம் கற்சுவர் அடுக்குகளில் திராட்சைத் தோட்டங்கள், அறுவடைக் கூடைகள். 1192-93 குளிர்காலத்தில் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டைச் சிறை வைத்திருந்த ட்யூர்ன்ஸ்டைனில் நல்ல கூட்டம். தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்துவிட்டு, எதிர்க்கரை ரோசாட்ஸுக்குப் படகில் போனேன். அங்கே கூழாங்கல் கரையில் இறங்கிக் குளித்தேன். காது நீருக்குள் போனதும் ஒரு மெல்லிய சலசலப்பு. ஆற்றின் அடியில் கற்கள் உருளும் சத்தம். குளிர் தாங்காமல் எழும் வரை அதையே கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

ஆறாம் நாள், டூல்ன் வரை, சுமார் 45 கி.மீ.

மலைகள் முடிந்தன. நேரான அணைக்கரை, பின்காற்று. வழியில் ஸ்வென்டன்டோர்ஃப் அணுமின் நிலையம். முழுதாகக் கட்டி முடித்து, 1978 நவம்பர் 5 மக்கள் வாக்கெடுப்பில் சுமார் 50.5 விழுக்காட்டினர் வேண்டாம் என்றதால் ஒருநாளும் இயங்காத நிலையம். அதன் நிழலைக் கடந்து சத்தமில்லாமல் ஓட்டினேன்.

கரையில் நட்டிருக்கும் கிலோமீட்டர் பலகைகள் கடலிலிருந்து எண்ணுபவை, அதனால் போகப் போகக் குறையும். பாஸாவில் 2225-ஐ ஒட்டி இருந்த எண் டூல்னில் 1963-க்கு வந்திருந்தது. அங்கே ரயில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து செயினைத் துடைத்து அளந்தால், தேய்மானம் 0.75 விழுக்காடு காட்டுகிறது, மாற்ற வேண்டிய அளவு. புதுச் செயின் வாங்கியாகிவிட்டது. இடதுகை விரல்கள் மூன்றாம் நாளுக்குப் பிறகு மரக்கவே இல்லை, எனவே ஹேண்டில்பார் இந்த உயரத்திலேயே இருக்கட்டும். அடுத்த வசந்தத்தில் டூல்னிலிருந்து தொடர்ந்து ஸ்லோவாக்கிய எல்லை வரை. அதற்கு முன்பு ஒருநாள் ஷ்லோகன் வளைவுக்கு மட்டும் போய், மேலே ஏறிப் பார்த்துவிட்டு வர வேண்டும்.