லாம்டா பார்க்க ஒரு பெட்டி

எங்கள் கிருஷ்ணகிரியில் பழைய கார்புரேட்டர் கார்களை இன்னும் காதாலும் பிளக் நிறத்தாலும்தான் டியூன் செய்கிறோம். தப்பில்லை. ஆனால் ஏற்றத்தில் முழு ஆக்சிலரேட்டரில் காற்று-பெட்ரோல் கலவை எப்படி இருக்கிறது என்று அந்த நொடியிலேயே தெரிய வேண்டுமே? அதற்குத்தான் இந்தப் பெட்டி: புகையிலுள்ள ஆக்சிஜனைப் பார்க்கும் போஷ் எல்எஸ்யூ 4.9 வைட்பேண்ட் சென்சார், அதற்கான கண்ட்ரோலர், ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினிப் பலகை, சின்னத் திரை. காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகினால் போதும்.

சாதாரண ஆக்சிஜன் சென்சார் கலவை ரிச்சா (பெட்ரோல் அதிகமா), லீனா (காற்று அதிகமா) என்று மட்டும் சொல்லும். வைட்பேண்ட் எவ்வளவு என்றும் சொல்லும். ஆனால் செல்லம் ஜாஸ்தி. ஹீட்டர் அதைச் சுமார் 780 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். அந்தச் சூட்டில் சைலன்சரில் தேங்கிய தண்ணீர் பட்டால் செராமிக் விரிசல் விடும். முதலில் இன்ஜின் சூடாகட்டும், அப்புறம் ஹீட்டர். சைலன்சர் வாயில் மாட்டுபவர்கள் சென்சார் உள்ள குழாயை நன்றாக உள்ளே விடுங்கள். இல்லாவிட்டால் ஐடிலில் வெளிக்காற்று கலந்து லீன் என்று காட்டும்.

ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற எண்ணையே பிடித்துத் தொங்காதீர்கள். அது எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு. 20% எத்தனால் கலந்த இ20க்கு 13.5 பக்கம் வரும். அதனால் திரையில் லாம்டாவையே வைத்தேன், அதாவது இப்போதுள்ள காற்று விகிதத்தை அந்த எரிபொருளுக்குச் சரியான விகிதத்தால் வகுத்த எண்; எந்த எரிபொருளானாலும் சரியான கலவை 1.00 தான்.

சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் தம்பி ஓட்ட, நான் திரையைப் பார்த்தேன். முழு மிதியில் 0.87, தேவையான அளவு ரிச். அதனால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டில் கை வைக்கவில்லை.