கீலில் ஒன்பது கோல் கடன்

மோன்பெல்லியே 39, கீல் 30. ஐரோப்பிய ஹேண்ட்பால் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் முதல் ஆட்டம் பிரான்ஸில் இப்படி முடிந்திருந்தது. காலிறுதியில் ஆளுக்கொரு ஆட்டம் சொந்த ஊரில். இரண்டு ஆட்டத்தின் கோல்களையும் கூட்டிப் பார்த்துத்தான் முடிவு. ஆக, 2024 மே மாதத் தொடக்கத்தில் மறு ஆட்டத்துக்காக நான் ஜெர்மனியின் வடகோடிக்கு ரயில் ஏறியபோது, கீல் அணியின் தலையில் ஒன்பது கோல் கடன் இருந்தது.

டிக்கெட் என்னுடையதல்ல. ஹாம்பர்க்கில் என்னோடு வேலை பார்க்கும் கீல்காரர் ஒருவருடையது. முதல் ஆட்டத்தை டிவியில் பார்த்ததோடு மனிதருக்கு எல்லாம் வெறுத்துவிட்டது. "ஒன்பது கோல்! நான் போய் வயிறெரிவதைவிட நீ போய் ஊரையாவது பார்த்துவிட்டு வா" என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். அந்த ஆட்டத்தைப் பற்றி அவரிடம் நான் இன்றுவரை பேச்செடுப்பதில்லை.

ஹாம்பர்க்கிலிருந்து கீலுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரேயே தண்ணீர். பால்டிக் கடலின் குறுகலான கிளை ஒன்று ஊருக்குள் வந்து அங்கே முடிகிறது. ஆஸ்லோவுக்கும் கோதன்பர்க்குக்கும் போகிற கப்பல்கள் பக்கத்துக் கட்டடங்களைக் குள்ளமாக்கிக்கொண்டு நிற்கும். ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது புகையில் வாட்டிய சின்ன மீன், கீலர் ஸ்ப்ரோட்டன். நம்ம ஊர் நெத்திலியைவிடக் கொஞ்சம் பெரிது, பொன்னிறமாக மின்னும். தலை, வால், முள் எல்லாவற்றோடும் அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார் கடைக்காரர். உண்மையில் இது பக்கத்து ஊரான எக்கர்ன்ஃபோர்டேயின் சரக்கு. கீல் ரயில் நிலையம் வழியாகப் போனதால் பெட்டியில் கீல் முத்திரை விழுந்து, பேர் அப்படியே ஒட்டிக்கொண்டதாம். ரொட்டியோடு ஒரு பொட்டலம் காலி. விரலில் புகை வாசம் மட்டும் மறுநாள் வரை போகவில்லை.

அரங்கம் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். நான் போனபோது அதற்கு விளம்பரதாரர் பெயர். வயசானவர்கள் அப்போதும் ஓஸ்ட்ஸேஹாலே என்ற பழைய பெயரையே சொன்னார்கள். ஸில்ட் தீவில் நின்ற ஒரு விமானக் கொட்டகையின் இரும்புச் சட்டத்தைப் பெயர்த்துக்கொண்டுவந்து எழுப்பி, 1952-இல் திறந்த கூடம் இது. பின்னால் இடித்துக் கட்டி பெரிதாக்கியதில் இன்று பத்தாயிரம் பேர் பிடிக்கும். உள்ளே எங்கு பார்த்தாலும் கறுப்பு வெள்ளை. வரிக்குதிரைகள் என்பது அணியின் செல்லப்பெயர். 1904-இல் தொடங்கிய இந்த கிளப் ஜெர்மன் சாம்பியன் பட்டத்தை 23 முறை ஜெயித்திருக்கிறது. இங்கே கால்பந்து இரண்டாம் பட்சம்.

ஹேண்ட்பால் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒன்பது கோலின் கனம் புரியாது. 40க்கு 20 மீட்டர் களம், பக்கத்துக்கு ஏழு பேர், முப்பது முப்பது நிமிடமாக இரண்டு பாதி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிக்கு மேல் எடுத்து வைக்கக் கூடாது. கோலுக்கு முன்னால் ஆறு மீட்டர் வளைவுக்குள் கோல்கீப்பர் தவிர யாரும் கால் பதிக்கக் கூடாது. அதனால்தான் அடிக்கிறவர்கள் கோட்டுக்கு வெளியிலிருந்து எம்பி, அந்தரத்தில் பறந்தபடி எறிகிறார்கள். சராசரியாக நிமிடத்துக்கு ஒரு கோல் விழும் ஆட்டம். கணக்குப் போட்டால் ஒன்பது கோல் கடனை அடைக்க ஆறேழு நிமிடத்துக்கு ஒரு கோல் கூடுதலாகப் போட்டால் போதும். சொல்லும்போது சுலபம். எதிரியும் போட்டுக்கொண்டே இருப்பான் என்பதுதான் சிக்கல்.

கூட்டிக் கழித்து முன்னால் இருக்கிற அணி பந்தை அங்குமிங்கும் தள்ளி நேரத்தைக் கரைத்துவிட முடியாதா என்று எனக்கும் தோன்றியது. முடியாது. கோலுக்கு முயலாமல் இழுத்தடித்தால் நடுவர் கையைத் தூக்கிவிடுவார். அதற்கப்புறம் நான்கே பாஸ், அதற்குள் எறிந்தாக வேண்டும். கிரிக்கெட்டில் ஓவரைக் கடத்துகிற மாதிரி கடத்த வழியில்லை. எவ்வளவு பெரிய முன்னிலைக்கும் இங்கே காவல் கிடையாது, இந்த விளையாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான்.

என் இருக்கைக்குப் பக்கத்தில் எழுபது வயதை ஒட்டிய ஒரு அம்மா. பல வருடமாக அதே இருக்கைக்கு சீசன் டிக்கெட் வைத்திருக்கிறவர். தட்டுவதற்காக இருக்கைதோறும் வைத்திருந்த மடிப்பு அட்டையை மடியில் விரித்து, பால்பாயிண்ட் பேனாவால் ஓரத்தில் 9 என்று எழுதினார். மேலே தொங்கிய பெரிய பலகை அன்றைய ஸ்கோரை மட்டும்தான் காட்டும். உண்மையான ஸ்கோர் அந்த அம்மாவின் மடியில் இருந்தது. 8 என்று எழுதுவார், அடுத்த நிமிடம் அடித்துவிட்டு மறுபடி 9 போடுவார். முதல் பாதியில் அந்த ஓரம் பூராவும் கிறுக்கல்.

எங்கள் இருக்கை களத்துக்கு ரொம்பப் பக்கம். ஒவ்வொரு தாக்குதலுக்கும் முன்னால் வீரர்கள் குனிந்து ஷூவில் அப்பி வைத்திருக்கும் பிசினை விரலால் தொட்டுக்கொள்வது தெரிந்தது. அது இருந்தால்தான் பந்து ஒற்றைக் கையில் ஒட்டி நிற்கும். பந்து கையை விட்டுப் போகும்போது பிசுக்கென்று ஒரு சத்தம் வரும், டிவியில் அது கேட்காது. ஒவ்வொரு கோலுக்கும் மைக் பிடித்தவர் வீரரின் முதல் பெயரைச் சொல்ல, கூட்டம் குடும்பப் பெயரை முழங்கி முடிக்கும். தகரக் கூரையாக இருந்தால் பறந்திருக்கும்.

கீல் அன்று ஜெயித்தது தாக்குதலால் என்று நான் நினைக்கவில்லை. 31 கோல் அவர்களுக்கு அதிசயமான எண்ணிக்கை அல்ல, முந்தைய வாரமே 30 போட்டவர்கள்தான். விஷயம் மறுபக்கத்தில் இருந்தது. போன வாரம் 39 போட்ட மோன்பெல்லியேயை 21-இல் நிறுத்திவிட்டார்கள். ஆறு பேரும் தோளோடு தோள் ஒட்டி, கையை விரித்து, வளைவுக் கோட்டில் பக்கவாட்டில் அசைந்துகொண்டே இருந்தார்கள். அதைத் தாண்டி ஒரு பந்து வந்தால் கோல்கீப்பர். இரண்டாம் பாதியில் பக்கத்து அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். பேனா என் கைக்கு எப்போது வந்தது என்றே தெரியவில்லை.

31–21. பத்து கோல் வித்தியாசம். மொத்தக் கூட்டலில் ஒரே ஒரு கோல். அது ஒன்று குறைந்திருந்தால் கால்பந்தின் பெனால்டி ஷூட்அவுட் மாதிரி ஏழு மீட்டர் எறிதல், இரண்டு குறைந்திருந்தால் வீட்டுக்கு.

எதிர்ப் பெஞ்சில் இருந்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோன்பெல்லியேயின் பயிற்சியாளர் பத்ரிஸ் கனையே 1994 முதல் அதே அணியோடு இருந்தவர். 2003-லும் 2018-லும் இதே கோப்பையைத் தூக்கியவர். அந்த சீசனோடு விலகுவதாக அறிவித்திருந்தார், ஆகவே சாம்பியன்ஸ் லீக்கில் அவருடைய முப்பது வருடக் கதை இந்த ஊரில் முடிந்தது. கீல்காரர்கள் குதித்துக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு அவர் பக்கமே கண் போனது.

அதே காலிறுதிச் சுற்றில் ஜெர்மனியின் மாக்டபுர்க் அணி போலந்தின் கியெல்ஸேயிடம் 26–27 என்று தோற்று, ஊருக்குத் திரும்பி 23–22 என்று ஜெயித்து, ஏழு மீட்டர் எறிதலில் தப்பித்தது. இந்தச் சுற்றே அப்படித்தான்.

அப்புறம் ஜூனில் இறுதிச் சுற்றுக்கு கொலோன் நகரம். கடைசி நான்கு அணிகளும் ஒரே வார இறுதியில் ஒரே கூடத்தில் மோதும் ஏற்பாடு 2010-இல் தொடங்கியது. சனிக்கிழமை அரையிறுதிகள், ஞாயிறு இறுதி. அரங்கம் ரைன் நதியின் கிழக்குக் கரையில், டாய்ட்ஸ் பகுதியில். கூரைக்கு மேலே பெரிய இரும்பு வளைவு ஒன்று ஓடுகிறது. அதைப் பார்த்து ஊர்க்காரர்கள் கூடத்துக்குத் தூக்குவாளி என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். பார்த்தால் நமக்கும் அதுதான் தோன்றும், கைப்பிடியோடு கூடிய எவர்சில்வர் தூக்குவாளி. ஏறக்குறைய இருபதாயிரம் பேர். டிக்கெட் பெரும்பாலும் எந்த அணி வரும் என்று தெரிவதற்கு முன்பே விற்றுவிடுகிறது. அதனால் தோற்ற அணிகளின் சட்டையோடும் ஏகப்பட்ட பேர் வருகிறார்கள். எனக்குக் கிடைத்ததே, தன் அணி வராத ஒரு ரசிகர் விட்டுக்கொடுத்த டிக்கெட்தான்.

இந்த முறை அலுவலகக்காரரும் வந்தார். கீலுக்கு அரையிறுதியில் பார்சிலோனா. பார்சிலோனா கோலில் எமில் நீல்சன் நின்றதும் கதை முடிந்தது. 30–18. ஐந்து வாரத்துக்கு முன்னால் பிரெஞ்சுக்காரர்களுக்கு இவர்கள் செய்ததை இவர்களுக்கு வேறொருவர் செய்தார், ஆனால் மறு ஆட்டம் என்ற ஒன்று இங்கே கிடையாது. வரிசையில் எங்களுக்கு முன்னால் இருந்த கீல் தாத்தா ஒருவர் திரும்பி, "2020-இல் இதே கூடத்தில் பார்சிலோனாவை ஜெயித்தோம். கொரோனா. டிசம்பர் மாதம். ஒரு ரசிகன் உள்ளே இல்லை. நாங்கள் வந்தால் இப்படி" என்றார். நண்பர் ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது பியருக்குப் போனார். கொலோனில் பியர் இருநூறு மில்லிக் கண்ணாடியில்தான் வரும், எத்தனையாவது என்று கணக்கு வைப்பது கஷ்டம்.

இந்தக் கூடத்துக்கும் ஒன்பது கோல் கதை உண்டு. 2016 இறுதி ஆட்டத்தில் கியெல்ஸே அணி கால் மணி நேரமே மிச்சமிருக்கும்போது ஹங்கேரியின் வெஸ்ப்ரேமிடம் ஒன்பது கோல் பின்தங்கியிருந்தது. எட்டிப் பிடித்து, கூடுதல் நேரமும் சமமாகி, ஏழு மீட்டரில் கோப்பையை வென்றது. நாங்கள் போயிருந்த அந்த வருடம் இறுதிச் சுற்றுக்கு வராத அணிதான், ஆனாலும் அவர்களுடைய மஞ்சள் சட்டைகளைக் கூட்டத்தில் பார்த்தேன்.

ஞாயிறு இறுதி நல்ல ஆட்டம். டென்மார்க்கின் ஆல்போர்க் கோலில் நிக்லாஸ் லாண்டின், ஒரு வருடம் முன்பு வரை கீலில் இருந்தவர். அதனால் கீல் ரசிகர்களில் பாதிப் பேர் டென்மார்க் பக்கம் சாய்ந்தார்கள். அதே அணியின் நட்சத்திர வீரர் மிக்கெல் ஹான்சனுக்கு ஓய்வுக்கு முந்தைய கடைசி சீசன். 31–30 என்று பார்சிலோனா வென்றது, அவர்களுக்கு இது பன்னிரண்டாவது முறை. மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் பற்றி எழுத ஒன்றுமில்லை. தோற்றவர்களை மறுநாளும் ஓடவைப்பது எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: கொலோனில் அந்த வார இறுதிக்கு அறை விலை எகிறிவிடும். பக்கத்து ஊரான பான் நகரில் தங்கிக்கொள்ளலாம், ரயிலில் அரை மணி நேரம்தான். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இறுதிச் சுற்றை விட்டுவிட்டு ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் வரும் காலிறுதியின் மறு ஆட்டம் ஒன்றுக்குப் போங்கள், அதுவும் உள்ளூர் அணி முதல் ஆட்டத்தில் நன்றாகத் தோற்றிருந்தால். டிக்கெட்டும் அப்போதுதான் சுலபமாகக் கிடைக்கும்.