பிஸ்கட் டின்

மார்ச் 3, ஞாயிறு

அப்பாவின் அஸ்தியைச் சாங்கிக் கடலில் கரைத்து ஆறு வாரம் ஆகிறது. இன்றுதான் அவருடைய அலமாரியைத் திறந்தேன். சட்டைகளைத் தொட மனம் வரவில்லை. மேல்தட்டில் இருந்த பிஸ்கட் டின்னை மட்டும் இறக்கினேன். மூடி துருப்பிடித்துக் கிடந்தது. கரண்டிக் காம்பை விட்டு நெம்பினேன். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட ஃபோர்-டி லாட்டரிச் சீட்டுகள், அம்மாவின் மூக்குத்தித் திருகு, பழைய லாரி லைசென்ஸ். அடியில் நான்காக மடித்த ஒரு மருத்துவமனைக் கடிதம். ஸ்கேன் எடுக்க வரச்சொல்லிப் போன வருடம் ஏப்ரலில் வந்தது.

எங்களிடம் அவர் வாய் திறந்தது அக்டோபரில்.

மார்ச் 5, செவ்வாய்

வேலை ஓடவில்லை. ‘கூடவே இருந்தும் கவனிக்காமல் விட்டவள்.’ ஜனவரியிலிருந்து இப்படித்தான் என்னையே ஏசிக்கொண்டிருக்கிறேன். எம்ஆர்டி ரயிலில் நிற்கும்போது, பாத்திரம் கழுவும்போது, தூங்கப் போகும்போது.

மார்ச் 9, சனி

விக்டோரியா ஸ்திரீட் நூலகம். துக்கத்தையும் மனச்சோர்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்டு 1917இல் வெளியிட்ட கட்டுரை. படிக்கிற காலத்தில் புரட்டிவிட்டு மூடியதுதான். துக்கத்தில் உலகம் வெறுமையாகிறது, மனச்சோர்விலோ தானே வெறுமையாகிவிடுகிறோம் என்கிறார். சரி, இது எங்கேயோ கேட்டதுதான். அடுத்து வந்ததுதான் என்னை நிறுத்தியது. இப்படிப்பட்டவர்கள் தங்கள்மேல் சுமத்திக்கொள்ளும் குற்றச்சாட்டுகளைப் பொறுமையாகக் கேட்டால், அவற்றில் கடுமையானவை பல நேரம் அவர்களுக்கே பொருந்துவதில்லையாம். கொஞ்சம் மாற்றினால் அவர்கள் நேசித்த இன்னொருவருக்குக் கச்சிதமாகப் பொருந்துமாம். அந்த ஆள்மேல் வந்த கோபம்தான் உள்பக்கம் திரும்பியிருக்கிறது.

கவனிக்காமல் விட்டவள். கவனிக்காமல் விட்டவர்.

ஒரே ஓர் எழுத்து. புத்தகத்தை மூடிவிட்டுக் கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன்.

மார்ச் 10, ஞாயிறு

படத்துக்கு மாலை போட்ட அன்றே செத்தவரின் குறையெல்லாம் நம் வீடுகளில் தள்ளுபடி ஆகிவிடுகிறது. ஆனால் பாட்டி தாத்தாவுக்கு வைத்த ஒப்பாரியில் பாதி வசவு. ‘ஒத்த வார்த்த சொல்லாமப் போனீரே, என்னை நட்டாத்துல விட்டீரே’ என்று மாரில் அடித்துக்கொண்டு நேராக அவரிடமே கேட்டாள். அப்பாவுக்கு எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஸ்பீக்கரில் தேவாரம் ஓடியது. வந்தவர்கள் பாக்கெட் பானம் குடித்துவிட்டு மெதுவாகப் பேசினார்கள். எல்லாம் மரியாதையாக நடந்தது. அதுதான் குறையோ என்னவோ.

இரவு படத்தின் முன் நின்று “ஏம்ப்பா சொல்லல?” என்றேன். சத்தமாகத்தான். அப்புறம் தம்பிக்கு ஃபோன் அடித்துக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. “அவரு அப்படித்தான்க்கா, லாரி பிரேக் தேஞ்சாகூட சொல்லமாட்டாரு” என்றான். சிரித்தோம், அழுதோம்.

மார்ச் 20, புதன்

இதில் ஒரு சுவாரசியம். மனச்சோர்வில் இழந்தவரை நமக்குள்ளேயே குடியேற்றி வைத்துக்கொள்கிறோம் என்று அந்த 1917 கட்டுரையில் நோயாளிகளை வைத்துச் சொன்ன ஃபிராய்டு, 1923இல் அது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று வந்துவிடுகிறார். நாம் விட்டுக்கொடுத்த உறவுகள் படிந்து படிந்துதான் நம் குணமே உருவாகிறதாம். இடையில், 1920இல், அவருடைய மகள் சோஃபி ஃபுளூ காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதனால்தான் மாறினார் என்று நான் முடிச்சுப் போடமாட்டேன். ஆனால் 1929இல், அவள் இருந்திருந்தால் 36 வயது ஆகியிருக்கும் நாளில், மகனை இழந்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு எழுதுகிறார்: துக்கத்தின் உக்கிரம் தணியும், அந்த இடம் மட்டும் நிரம்பாது, அப்படி இருப்பதுதான் சரி.

வேலை முடிந்து வரும்போது ஈசூனில் ஃபோர்-டி கடையில் வரிசை. நானும் நின்றேன். அப்பா ஓட்டிய முதல் லாரியின் எண். ‘பெரிது’ பந்தயத்தில் ஒரு வெள்ளி, ‘சிறிது’ பந்தயத்தில் ஒரு வெள்ளி. சூதாட்டம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இதற்காக அவரோடு எத்தனை சண்டை!

எண் விழவில்லை. சீட்டை டின்னில் போடப் போனால் ரப்பர் பேண்ட் அறுந்துவிட்டது. நாளைக்கு ஒன்று வாங்க வேண்டும்.